கையுறை போட்ட ஸ்வீப்பர்

மச்சான்,

உன் வீட்டு கேரம் போர்டு இப்போது என் வீட்டு ஹாலில் இருக்கிறது. கேட்டால் குதிப்பாய். நானாகக் கேட்டு வாங்கவில்லை, சத்தியமாக. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் உன் மகள் ரெபேக்கா காரின் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டு வந்து இறக்கினாள். "அம்மா குடுத்து விட்டாங்க மாமா. இது வீட்டுல இருந்தா அப்பா வந்து காய அடுக்கிக்கிட்டு உக்காந்துருவாருன்னு சொல்றாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு மேலே சுற்றியிருந்த துணியை உருவினேன். அந்தப் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. நம்ப மாட்டாய், "டேய், அத அங்க வைக்காத" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு பக்கமும் பெனால்டி பெட்டி, நடுவில் ஒரு கோடு, அதில் ஒரு வட்டம். கேரம் ஆட வாங்கிய பலகையில் நீ ஒரு நாளாவது கேரம் ஆடியிருக்கிறாயா? வெள்ளைக் காய் நாம், கறுப்புக் காய் எதிரணி, சிவப்புக் காய் பந்து. வெள்ளை ஒன்பதுதானே, ஸ்ட்ரைக்கரோடு பத்து, ஓர் ஆள் குறையுமே என்று உன் வேலைச் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து வைத்தாய். அந்தப் பொத்தான் நீ. ஸ்ட்ரைக்கர் நான். "பெருசா, கனமா, கோல்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். தள்ளித்தான்டா நகத்தணும்" என்று விளக்கம் வேறு கொடுப்பாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, நாம்தான் வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்தைப் பேசித் தீர்த்தோமே. நீ ஸ்டாப்பர், பின்வரிசையின் நடு ஆள். நான் கோல் கீப்பர். கோலை விட்டு வெளியே வாடா என்று நீ சொன்னாய். வர மாட்டேன் என்று நான் சொன்னேன். இதுதான் நம் முப்பத்தைந்து வருஷச் சண்டை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, தெலுக் இந்தான் ஊர் வெட்டரன் அணியோடு, நம்மைப் போன்ற கிழவர்களோடுதான், நமக்கு ஆட்டம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழுதாகப் படி. நடுவில் பேசாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

நம் அணி எப்படிப்பட்ட அணி என்று முதலில் நினைத்துப் பார். சுங்காய் டவுனுக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். காலையில் பாலுக்கு மரம் வெட்டுவோம், மூன்று மணிக்குப் பந்து. மரம் வெட்டுகிறவனுக்கு அவனவன் நிரை என்று ஒன்று உண்டு. இந்த வரிசையிலிருந்து இந்த வரிசை வரை உன் மரம். அடுத்தவன் நிரையில் கத்தி வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அந்தப் பழக்கத்தை அப்படியே திடலுக்குக் கொண்டு வந்தோம். பின்வரிசையில் நாலு பேர், நாலு நிரை. ஒருத்தன் இன்னொருத்தன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

வலது பக்கம் நின்ற சேகரை மறப்பாயா? அடுத்த தோட்டத்து ஆள் அவன் மூக்கை உரசிக்கொண்டு நடுவே ஓடி, சாவகாசமாகக் கோல் அடித்தான். சேகர் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நீ பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்தாய். அவன் பயப்படவே இல்லை. "என்னண்ணே என்னயக் கேக்குற? அது என் நிரை இல்லலா" என்றான். கோபம் வர வேண்டிய இடத்தில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புல்லில் உருண்டு சிரித்தாய். நடுவர் விசில் ஊதி எழுப்ப வேண்டியதாயிற்று. அன்று மாலை குளித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய்: "மரம் ஓடாதுடா. ஆளு ஓடுவான். அப்ப நிரையும் கூட ஓடணும்ல?" உன் முதல் சித்தாந்தம் அது. எனக்கு அப்போது பசி, சரி சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

இன்னொரு வழக்கமும் நமக்கு இருந்தது, வேறு எந்த அணியிலும் நான் கண்டதில்லை. நம் திடல் ஒரு பக்கம் சரிவு. கீழே நிற்பவனுக்கு மேலே நிற்பவன் தெரியாது. பின்வரிசை நாலு பேரும் ஒரே கோட்டில் நின்றால்தான் அதைத் தாண்டி நிற்கும் எதிரணி ஆளுக்கு ஆப்சைட் கொடி தூக்குவார்கள். ஆகவே ஓரத்தில் இருந்த குழாயடிக் கம்பத்தை நீ அளவாக வைத்தாய். நாலு பேரும் கம்பத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒருத்தனை ஒருத்தன் பார்க்கத் தேவையில்லை. வெளியூர் போனால் லாரியிலிருந்து இறங்கியதும் சேகரின் முதல் கேள்வி, "அண்ணே, இன்னைக்கு எது குழாயடி?" ஒரு மரம், ஒரு விளக்குக் கம்பம், ஏதாவது ஒன்றை நீ கைகாட்டுவாய். அதுதான் அன்றைய குழாயடி.

என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது ஒரு தடவை வெளியே வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வீரமாக ஓடி வந்து காலை வீசினேன். பந்து காலுக்கு அடியில் போய், மெதுவாக, குழந்தை தவழ்வது மாதிரி உருண்டு கோலுக்குள் போனது. நான் திரும்பி ஓடுவதற்குள் நம் ஆட்களே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "கதவத் தொறந்து போட்டுட்டுக் கடைக்குப் போனவன்" என்று எனக்குப் பேர் வைத்தார்கள். ஒரு வருஷம். லயத்தில் எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல், "என்னப்பா, கதவச் சாத்திட்டியா?" பெண் பார்க்கப் போன வீட்டில்கூட ஒருத்தர் கேட்டார், மச்சான்! அன்றைக்குத் தீர்மானம் பண்ணினேன். இனிமேல் நான் செத்தாலும் கோல் கோட்டில்தான் சாவேன் என்று.

இந்த லட்சணத்தில்தான் தெலுக் இந்தானுக்குப் போனோம். பெரிய திடல், சரிவே இல்லை, சுற்றிலும் கூட்டம். சுற்றிப் பார்த்தாய், ஓரத்தில் ஒரு மஞ்சள் வேன் நின்றது, ஐஸ் விற்கிற வேன். "அதான்டா இன்னைக்குக் குழாயடி" என்றாய். அவர்கள் அணியில் மாணிக்கம் என்று ஓர் ஒல்லிப் பையன், நம் வயதுதான், ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். முதல் பத்து நிமிஷம் நம் உயிரை எடுத்தான்.

அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. மாணிக்கத்துக்குப் பந்து போகும், கொடி தூக்குவார்கள். மறுபடி போகும், மறுபடி கொடி. அவன் வெறுத்துப்போய், "டேய், நான் எங்கதான்டா நிக்கிறது, ஆத்துலயா?" என்று கத்தினான். நமக்கே புரியவில்லை. ஆனால் கோலில் நின்ற எனக்கு ஒன்று தெரிந்தது. நீங்கள் நாலு பேரும் சின்னதாகிக்கொண்டே போனீர்கள். இடைவேளைக்குப் பிறகு உன் முதுகில் இருந்த எண்கூட எனக்குத் தெரியவில்லை. கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பது திரும்பி வரும் லாரியில்தான் தெரிந்தது. ஐஸ்காரருக்குக் கூட்டம் இருக்கிற இடத்தில்தானே வியாபாரம்? ஆட்டம் முன்னால் போனது, ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் முன்னால் போனது, கூட்டத்தோடு வேன் முன்னால் போனது, வேனைப் பார்த்து நீங்கள் முன்னால் போனீர்கள். நீங்கள் முன்னால் போனதால் ஆட்டம் இன்னும் முன்னால் போனது. கடைசியில் நம் பின்வரிசை நடுக்கோட்டில் நின்றது. அந்தக் காலத்தில் எவன் அங்கே நின்றான்? எவனும் நிற்கவில்லை. நாம் நின்றோம், ஓர் ஐஸ் வேனால்.

ஆனால் மாணிக்கம் முட்டாள் இல்லை. கடைசி நேரத்தில் அவன் தன் பாதியிலேயே நின்றுகொண்டான். தன் பாதியிலிருந்து கிளம்புகிறவனுக்கு ஆப்சைட் கிடையாது. பந்து உங்கள் தலைக்கு மேல் வந்தது. உங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு பெரிய காலி மைதானம், அதில் பந்து தனியாக உருண்டு வந்தது. நான் ஓடியிருந்தால் எனக்குத்தான் முதலில் கிடைத்திருக்கும். மச்சான், கால் எழவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாணிக்கம் வந்து, நின்று, என்னை ஒரு பார்வை பார்த்து, ஓரமாகத் தட்டிவிட்டுப் போனான். ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம்.

லாரியில் எல்லாரும் தொங்கிய முகத்தோடு இருந்தபோது நீ ஒருத்தன் மட்டும் கண் மின்ன உட்கார்ந்திருந்தாய். "ஏழு தடவ ஆப்சைட்டுடா! தெரியாமயே புடிச்சோம்டா! தெரிஞ்சு நின்னா எப்படி இருக்கும்?" என்று என் தோளைக் குலுக்கினாய். அப்புறம் குரலைத் தணித்து, "நீயும் கூட மேல வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்லா" என்றாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நீ அன்பாகச் சொன்னாய், அதனால் முப்பத்தைந்து வருஷம் ஓடியது.

தோட்டத்தை எண்ணெய்ப்பனை ஆக்கினார்கள், ஆட்கள் கலைந்தார்கள். நீ ஈப்போவில் தரை ஓடு விற்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனாய். நான் பள்ளிக்கூட வேன் ஓட்ட வந்தேன். இரண்டு பேரும் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இரண்டு ரோடு தள்ளி வீடு பிடித்தோம். சேகர் எப்படியோ மோப்பம் பிடித்து அவனும் வந்துவிட்டான். வெட்டரன் அணி என்று ஒன்று கட்டினோம். ஆனால் நமக்கு உண்மையான ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நீ வந்ததும் உன் வீட்டு மேசையில்தான் நடந்தது. நீ பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், நான் சீனி தூக்கலாக ஒரு தே தாரிக். நடுவில் கேரம் போர்டு.

உலகத்தில் பந்து விளையாட்டு எப்படியெல்லாம் மாறியது என்பதை நான் அந்தப் பலகையில்தான் படித்தேன். பின்வரிசைக்கும் பின்னால் தனியாக நின்று மிச்சத்தைப் பெருக்கித் தள்ளிய ஸ்வீப்பர் காணாமல் போனான். நாலு பேர் ஒரே கோட்டில் வந்தார்கள். மூணு பேர் ஆனார்கள். ஓரத்தில் நின்றவர்கள் முதலில் முன்னால் ஓடினார்கள், அப்புறம் நடுவே புகுந்தார்கள். ஸ்டாப்பரே பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து போனான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீ பலகையைத் தட்டி, "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்பாய். பாதியை நீ சொல்லவே இல்லை. நான் சாட்சி.

இனிமேல் வரப் போவதையும் சொன்னாய். "நாலு, மூணு, அஞ்சுன்னு எழுதுறதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்டா. பந்து நம்மகிட்ட இருக்கும்போது ஒரு வரிசை, போனதும் வேற வரிசை. களைச்சுப் போனா ஆறு பேரு பெட்டிக்குள்ள இறங்கிருவான். மத்த நேரம் திடல் பூரா ஆளுக்கு ஆள். பழைய நிரைதான், ஆனா ஓடுற நிரை." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்ட்ரைக்கரை, அதாவது என்னை, விரலால் தள்ளிப் பெட்டிக்கு வெளியே கொண்டு வந்து வைப்பாய். "ஸ்வீப்பர் செத்துப் போனான்னு எல்லாரும் சொல்றாங்க. சாவல. திரும்பி வருவான். கையுறை போட்டுக்கிட்டு வருவான்."

நான் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோலில் வைப்பேன். "அப்ப கோலுக்கு யார்லா ஜாகா, யாரு காவல்?"

"கோலு எங்கயும் போகாதுடா. பந்துதான் போகும்."

நீ மறுபடி தள்ளுவாய், நான் மறுபடி எடுத்து வைப்பேன். உன் மனைவி, என் தங்கச்சி, அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். "ரெண்டு பேரும் பேரன் எடுக்கிற வயசுல ஒரு கேரம் காய்க்குச் சண்ட போடுறீங்க! அத விடுங்க, இவரோட யூனிஃபார்ம் சட்டை எல்லாத்துலயும் ரெண்டாவது பொத்தான் எங்கண்ணே போவுது?" நீ என்னைப் பார்ப்பாய், நான் கூரையைப் பார்ப்பேன். தொலைந்த பொத்தான் ஒவ்வொன்றும் நீதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

அப்புறம் சிறுநீரகம் போச்சு என்றார்கள். வாரம் மூன்று நாள் மெஷின். காலை வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு உன்னை நான்தான் கொண்டுபோய் விடுவேன். முதல் நாள் பயந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆறு நாற்காலி வரிசையாக, ஆறு பேர் சாய்ந்து கிடந்தீர்கள். நடுவிலிருந்து நீ கை தூக்கினாய். "பாருடா, ஃபிளாட் பேக் சிக்ஸ், ஒரே கோட்டுல ஆறு பேரு. ஒருத்தனும் எந்திரிக்க மாட்டோம், ஒருத்தனும் எங்களத் தாண்ட முடியாது." பக்கத்து நாற்காலி சீனர் உன் பேச்சு புரியாமலே சிரித்தார். ஒரே மாதத்தில் அவருக்கும் ஆப்சைட் சொல்லிக் கொடுத்துவிட்டாய். நர்ஸ் அம்மா ஊசியோடு வரும்போது, "மார்க்கிங், மார்க்கிங்!" என்று, ஆளை விடாமல் ஒட்டி நில் என்கிற மாதிரி, அவர் கத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே சிரிப்பு வருகிறது. வேனில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் நீ சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய். "டேய், ஒரு தடவ. ஒரே ஒரு தடவ வெளிய வந்து நில்லுடா. சும்மா பாரு, அங்கருந்து எப்படி இருக்குன்னு."

"நீ சரியாயி வா. நீ எனக்கு முன்னால நின்னா நான் வெளிய வாரேன்" என்றேன்.

"நான் இல்லாட்டியும் வரணும்லா. அதுக்குப் பேருதான் ஸ்வீப்பர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இல்லாட்டியும்னு என்ன பேச்சு, என்ன பேச்சு இது என்று கத்திவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் இருந்தாய். உன் சவப்பெட்டியைத் தூக்கியபோதுகூட எனக்கு அதுதான் குத்தியது. ஒரு வார்த்தை, அதைக் கொடுக்காமல் விட்டேனே என்று.

நீ போனதும் அணி கலைந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் ரெபேக்கா கழுத்தில் விசிலோடு திடலுக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகப் பிள்ளைகளை ஓட விடுகிறவள், நம்மை விடுவாளா? "அப்பா போர்டுல கடைசியா போட்டத நான் ஃபோன்ல படம் எடுத்து வச்சிருக்கேன். அதத்தான் ஆடப் போறோம்" என்றாள். சேகர் முனகினான். "பாப்பா, எனக்கு முட்டி வலி, நடுவுல எல்லாம் ஓட முடியாதுமா." அவள் அசையவில்லை. "வலிச்சா நடங்க அங்கிள். நடந்தாச்சும் நடுவுக்கு வாங்க." உன் குரல்தான், மச்சான். தொண்டை மட்டும் வேறு.

படத்தில் ஸ்ட்ரைக்கர் எங்கே இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. அது பார்த்ததைவிட மோசம். "பாப்போம்லா" என்று மட்டும் சொன்னேன். கேரம் போர்டு என் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. தங்கச்சி கொடுத்துவிட்டாள் என்று ரெபேக்கா சொன்னாள். யார் கொடுத்துவிட்டது என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று தெலுக் இந்தான்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாணிக்கத்துக்குத் தொப்பை, ஒரு முழங்காலில் பட்டை. என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இன்னும் அந்தக் கம்பத்த விடலயா?" என்றான். எத்தனை வருஷம் ஆனாலும் வாய் ஓடும், அவனுக்குக் கால் ஓடாவிட்டாலும். பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றின் நிழல் திடலில் பாதியை மூடியிருந்தது, வெயில் உறைக்கவில்லை. முதல் பாதியில் கார்னர் பந்து ஒன்று சேகரின் தலையில் பட்டு உள்ளே போனது. அவன் அடித்தானா, அது அவனை அடித்ததா என்று கேட்காதே. ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் முன்னால்.

இடைவேளையில் ரெபேக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க வராட்டிப் பரவால்ல. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா லைன் மேல போவும். நான் எறக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சொன்னபடி செய்தாள். இரண்டாம் பாதியில் நம் பின்வரிசை ஏறியது. எனக்கு முன்னால் அதே காலி மைதானம், அதே மாணிக்கம். கோட்டில் நின்றேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். பிறகு ஓர் அடி வைத்தேன். அப்புறம் இன்னொன்று. பெனால்டி புள்ளியைத் தாண்டினேன். பெட்டிக் கோட்டில் வந்து கால் நின்றுவிட்டது. அதற்கு வெளியே போனால் கையால் பந்தைத் தொட முடியாது, போட்டிருக்கும் கையுறைக்கு வேலை இல்லை. அம்பத்தெட்டு வயதுக் கிழவன் நான். போடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாண்டினேன்.

சொல்லி வைத்த மாதிரி பந்து வந்தது, நம் ஆட்கள் தலைக்கு மேலே. மாணிக்கம் திரும்பினான். நான் ஓடினேன். ஓடினேன் மச்சான்! அவனுக்கு இரண்டு எட்டு முன்னால் போய் ஒரே உதை. பந்து ரோட்டைத் தாண்டி லோங்காங்கில் விழுந்தது. ஒரு பையன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினான். நம் ஆட்கள் கப்பு வாங்கிய மாதிரி கத்தினார்கள். சேகர் ஓடிவந்து, முட்டி வலி என்று சொன்ன அதே சேகர், என் தலையில் முத்தம் கொடுத்தான். அடுத்த தடவை உதைக்கவில்லை, காலில் வாங்கி அவனுக்குத் தட்டிவிட்டேன். எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "சேகர், உள்ள வா! எடது பக்கம் காலி!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிகிறது, மச்சான். யார் எங்கே போகப் போகிறான் என்பது அவனுக்கு முன்னால் நமக்குத் தெரிகிறது. நீ இதைப் பார்த்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் நின்றாயா? கோட்டில் நின்று நான் பார்த்தது வேறு ஏதோ ஆட்டம்.

இப்போது கெட்ட செய்தி. மாணிக்கம் முட்டாள் இல்லை என்று சொன்னேன் அல்லவா? நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கிடைத்ததும் ஓடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரே தூக்கு. பந்து என் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், சாவகாசமாகப் போனது. திரும்பி ஓடினேன், வேட்டி தடுக்கிய மாப்பிள்ளை மாதிரி. பந்து தரையில் ஒரு தடவை குத்தி, இரண்டு தடவை குத்தி, உள்ளே போய்விட்டது. ஓரத்திலிருந்து யாரோ பழைய ஆள் அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கத்தினார்.  அப்புறம் நம் ஆட்கள், அவர்கள் ஆட்கள், எல்லாரும் சிரித்தார்கள். நாற்பது வருஷமாக நான் பயந்தது அவ்வளவுதான். ஒரு சிரிப்பு. நானும் வலையைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு உதைத்துவிட்டு நடந்தேன். கோல் வாங்கினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒடுங்கிவிடுவேன். நேற்று கால் அங்கே போகவில்லை. பெட்டிக்கு வெளியே, பத்து எட்டு தள்ளி, முன்னால் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன்.

ரெபேக்கா ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, உள்ள போறீங்களா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏன்மா, மழையா பெய்யுது?" என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கும் கண் மங்கலாக இருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு முன்னால் உன் முதுகு இல்லாமல் ஓர் ஆட்டம். எனக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை, காலிப் புல்லும் ஒரு கோலும்தான். பயமாக இருந்தது, மச்சான். ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. நீ இல்லாமல் நிற்க முடிகிறதே என்று உன் மேல் கோபமாகக்கூட இருந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, சமம். ஒரே ஒரு தடவை வந்து நில் என்றுதான் நீ கேட்டாய். விசில் ஊதும்வரை நான் அங்கேயே நின்றேன்.